ஒரே டிரேடிங் புரோகிராம், இரண்டு விண்டோ: கணக்கை யார் வைத்திருப்பது?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கடிதம் டைப் செய்வது, படம் பார்ப்பது, ரயில் டிக்கெட் எடுப்பது என்று தொடங்குவோம். சில மாதங்கள் கழித்துப் பலர் அடுத்ததாகக் கால் வைக்கும் இடம் பங்குச் சந்தை. புரோக்கர் தரும் சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து, வீட்டிலிருந்தே பங்குகளை வாங்கி விற்கிறோம். பழகியபின் இன்னொரு ஆசை வருகிறது. அதே புரோகிராமை இரண்டு முறை திறந்து, ஒன்றில் ஒரு கணக்கையும் மற்றொன்றில் இன்னொரு கணக்கையும் வைத்துக் கொள்ளலாமே என்று தோன்றும். அல்லது, விலை குறிப்பிட்ட அளவுக்கு வந்தால் தானாகவே வாங்கும்படி அமைத்த புரோகிராமை இரண்டு வெவ்வேறு விதிகளுடன் ஒரே நேரத்தில் ஓட விடலாமே என்று தோன்றும்.

அப்படி ஓட விடும்போது ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். முதல் விண்டோவில் ஓடும் புரோகிராம் ஒரு பங்கை வாங்கிவிட்டது. அது இரண்டாவது விண்டோவில் ஓடும் புரோகிராமிற்குத் தெரியுமா? நாம் தனியாக ஏற்பாடு செய்யாதவரை தெரியாது என்பதுதான் பதில். இது ஏன், எப்படித் தெரிய வைப்பது, அதில் எங்கே பணம் போகும் ஆபத்து இருக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் படிக்கலாம். வேறு ஒருவர் எழுதித் தந்த புரோகிராமை வாங்கிப் பயன்படுத்துபவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

இன்ஸ்டன்ஸ் என்றால் என்ன?

ஹார்ட் டிஸ்க்கில் புரோகிராம் ஒன்றுதான் இருக்கிறது. அதன் ஐகானில் டபுள் கிளிக் செய்தவுடன், விண்டோஸ் அதன் பிரதி ஒன்றை ராம் மெமரியில் ஏற்றி ஓட விடுகிறது. இப்படி ஓடிக் கொண்டிருக்கும் ஒவ்வொரு பிரதியையும் இன்ஸ்டன்ஸ் என்று அழைக்கிறார்கள். இரண்டு முறை திறந்தால் இரண்டு இன்ஸ்டன்ஸ். சில புரோகிராம்கள் மட்டும் இரண்டாவது முறை திறக்க முயன்றால், ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோவையே முன்னால் கொண்டு வந்து காட்டும்.

இதனை நீங்களே பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். அதில் டீடெய்ல்ஸ் என்ற பகுதிக்குச் சென்றால், ஓடும் ஒவ்வொரு புரோகிராமின் பெயருக்கு அருகிலும் ஓர் எண் இருக்கும். அதற்கு பிராசஸ் ஐடி என்று பெயர். ஒரே பெயர் பல வரிகளில் வந்தாலும் இந்த எண் வெவ்வேறாகத்தான் இருக்கும். விண்டோஸைப் பொறுத்தவரை பெயர் முக்கியமல்ல, இந்த எண்தான் முக்கியம்.

ஒவ்வொரு பிராசஸுக்கும் மெமரியில் தனி இடம் ஒதுக்கப்படுகிறது. ஒன்றின் இடத்தில் இருப்பதை மற்றொன்று சாதாரணமாகப் படிக்கவோ மாற்றவோ முடியாது. இது குறை அல்ல, பாதுகாப்பு. இந்தச் சுவர் இருப்பதால்தான் ஒரு புரோகிராம் முடங்கினாலும் மற்றவை தொடர்ந்து ஓடுகின்றன. ஒரு விளையாட்டு புரோகிராம் உங்கள் வங்கிப் பக்கத்தின் பாஸ்வேர்டை எளிதில் எட்டிப் பார்க்க முடியாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். ஆனால் நம் டிரேடிங் புரோகிராமின் இரண்டு இன்ஸ்டன்ஸுகளுக்கு இடையிலும் இதே சுவர் நிற்கிறது. வாங்கிய பங்கு எத்தனை, செலவான பணம் எவ்வளவு என்பதெல்லாம் அவரவர் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். புரோக்கரின் இணையதளத்தைப் பிரவுசரில் இரண்டு டேப்களில் திறந்தால், இரண்டிலும் ஒரே கணக்குத்தானே தெரிகிறது? உண்மைதான். அங்கே கணக்கு இருப்பது உங்கள் கம்ப்யூட்டரில் அல்ல. புரோக்கரின் சர்வரில் இருப்பதை இரண்டு டேப்களும் காட்டுகின்றன, அவ்வளவுதான். தானாக முடிவெடுக்கும் புரோகிராம்கள் தம் கணக்கைத் தமக்குள்ளேயே வைத்திருக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

தவறு எங்கே நுழைகிறது?

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் டிரேடிங் கணக்கில் ரூ.1,00,000 இருக்கிறது. அதில் பாதி ஜூன் மாதம் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணம். எனவே ரூ.50,000-க்கு மேல் பங்கு வாங்கக் கூடாது என்று நீங்களே ஒரு வரம்பு வைத்திருக்கிறீர்கள். இரண்டு இன்ஸ்டன்ஸுகள் ஓடுகின்றன. இதுவரை செலவான தொகையை இரண்டும் ஒரு பைலில் எழுதிப் படித்துக் கொள்ளும்படி அமைத்தாயிற்று. பைலில் இப்போது 20,000 என்று இருக்கிறது.

1. முதல் இன்ஸ்டன்ஸ் பைலைப் படிக்கிறது. 20,000. இன்னும் 25,000-க்கு வாங்கலாம் என்று முடிவெடுக்கிறது.

2. அதே நொடியில் இரண்டாவது இன்ஸ்டன்ஸும் பைலைப் படிக்கிறது. அதற்கும் 20,000 என்றுதான் தெரிகிறது. அதுவும் 25,000-க்கு வாங்கலாம் என்று முடிவெடுக்கிறது.

3. முதலாவது வாங்கிவிட்டு, 20,000-உடன் 25,000-ஐக் கூட்டி, பைலில் 45,000 என்று எழுதுகிறது.

4. இரண்டாவதும் வாங்கிவிட்டு, தான் படித்த 20,000-உடன் 25,000-ஐக் கூட்டி, அதே 45,000 என்ற எண்ணை எழுதுகிறது.

உண்மையில் செலவானது ரூ.70,000. பைல் சொல்வது ரூ.45,000. வரம்பு தாண்டியது ஒரு தவறு. அதைவிடப் பெரிய தவறு, இனி இந்த இரண்டு புரோகிராம்களும் இன்னும் 5,000 பாக்கி இருப்பதாக நம்பிக் கொண்டு வேலை செய்யப் போகின்றன என்பது. புரோக்கரும் இதைத் தடுக்க மாட்டார். கணக்கில் ஒரு லட்சம் இருக்கிறது, அவரது விதிப்படி எல்லாம் சரி. பள்ளிக் கட்டணம் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்?

கவனியுங்கள், இங்கே தகவல் பகிரப்படத்தான் செய்தது. பைலும் இருந்தது, இரண்டும் அதைப் படித்தன. படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் மற்றொன்று நுழைந்துவிட்டதுதான் தவறு. இதற்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயர்.

எங்கள் திருத்தணியில் ஆடிக் கிருத்திகை அன்று காவடிகளுடன் மலை முழுக்கக் கூட்டம் நிற்கும். தமிழ்நாட்டிலிருந்தும் பக்கத்து ஆந்திராவிலிருந்தும் வருவார்கள். அப்படி ஒரு நாளில், 100 சீட்டுகளை இரண்டு கவுண்டர்களில் கொடுப்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். கடைசி ஒரு சீட்டுதான் பாக்கி என்று இரண்டு கவுண்டர்களும் ஒரே கரும்பலகையைப் பார்த்துத் தெரிந்து கொள்கின்றன. இரண்டு பேரும் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பிறகு கரும்பலகையை அழிக்கப் போனால், 101 பேர் வரிசையில் நிற்பார்கள். கரும்பலகையை இன்னும் பெரிதாக வைப்பதால் இது தீராது. கரும்பலகையைப் பார்ப்பது, சீட்டைக் கொடுப்பது, எண்ணை மாற்றுவது ஆகிய மூன்றையும் ஒருவர் செய்து முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் வழி.

பெரிய கம்பெனிக்கும் இதே கதி

இது வீட்டுக் கம்ப்யூட்டர் பிரச்சினை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். பங்கு ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் அதன் புரோகிராம் எட்டு சர்வர்களில் ஓடியது. அதாவது எட்டு இன்ஸ்டன்ஸுகள். புதிய பதிப்பை எட்டிலும் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப் போனது.

அந்த ஒரு சர்வரில், 2003-லேயே பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட ஒரு பழைய பகுதி அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. புதிய பதிப்பில் வேறு வேலைக்காக வைத்திருந்த ஓர் அடையாளக் குறி, இந்தச் சர்வரில் மட்டும் அந்தப் பழைய பகுதியை எழுப்பிவிட்டது. ஒரு பெரிய ஆர்டரைச் சிறு சிறு ஆர்டர்களாகப் பிரித்து அனுப்புவது அதன் வேலை. எத்தனை பங்குகள் வாங்கி முடிந்தன என்று எண்ணி, போதும் என்று நிறுத்தும் பகுதியை 2005-ல் புரோகிராமின் வேறு இடத்திற்கு மாற்றியிருந்தார்கள். எனவே பழைய பகுதிக்கு அந்த எண்ணிக்கை வந்து சேரவே இல்லை. ஆர்டர் நிறைவேறிய பிறகும் அது மேலும் மேலும் அனுப்பிக் கொண்டே இருந்தது.

வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தவை 212 சிறிய ஆர்டர்கள். அவற்றுக்காக 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. 154 நிறுவனங்களின் 39 கோடியே 70 லட்சம் பங்குகள் கைமாறின. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவில் குறிப்பிட்டது. சில நாட்களிலேயே வெளியிலிருந்து 40 கோடி டாலர் முதலீடு பெற்றுத்தான் நிறுவனம் மூச்சுவிட முடிந்தது. 2013-ல் அது வேறொரு நிறுவனத்துடன் இணைந்தது.

இன்னொரு தகவலும் அந்த உத்தரவில் உண்டு. அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே, பிழையைச் சுட்டிக்காட்டும் 97 மின்னஞ்சல்களை நிறுவனத்தின் சிஸ்டம் தானாகவே ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக் கொண்டு செயல்படும் ஏற்பாடு அங்கே இல்லை. தகவலை அனுப்பினால் மட்டும் போதாது. அதைப் பெற்று, அதன்படி நடக்க ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும்.

தகவலைப் பகிரும் வழிகள்

இப்போது நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். சுவருக்கு இரு பக்கமும் இருக்கும் புரோகிராம்கள் பேசிக் கொள்ள விண்டோஸ் பல வழிகளைத் தருகிறது. ஒன்றை நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள். ஒரு விண்டோவில் காப்பி செய்து இன்னொன்றில் பேஸ்ட் செய்கிறீர்கள் அல்லவா? கிளிப்போர்டு என்ற அந்தப் பொது இடம் எல்லாப் புரோகிராம்களுக்கும் திறந்திருக்கிறது. ஆனால் அடுத்த காப்பியில் பழையது போய்விடும். எனவே டிரேடிங்கிற்கு அது பயன்படாது. மற்ற வழிகள் இவை.

பைல்: மிக எளிய வழி. ஒன்று எழுதும், மற்றொன்று படிக்கும். கம்ப்யூட்டரை அணைத்தாலும் தகவல் அழியாது. ஆனால் ஒன்று பாதி எழுதியிருக்கும்போது மற்றொன்று படித்துவிட்டால், 45,000 என்பது 45 என்று தெரியலாம். எழுதும் நேரத்தில் கரண்ட் போனாலும் இதே நிலைதான். இதனைத் தவிர்க்க ஒரு பழைய உத்தி உண்டு. புதிய தகவலை வேறு பெயரில் ஒரு தற்காலிக பைலில் முழுவதும் எழுதி முடித்துவிட்டு, பிறகு அதனைப் பழைய பைலின் பெயருக்கு மாற்றுவார்கள். படிப்பவருக்குப் பழையது முழுசாகக் கிடைக்கும் அல்லது புதியது முழுசாகக் கிடைக்கும்.

லாக்: பைலைத் தொடுவதற்கு முன் பூட்டு போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் திறப்பது. இதனையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேர்டு டாகுமெண்ட் ஒன்று திறந்திருக்கும்போது, அதே போல்டரில் ~$ என்று தொடங்கும் ஒரு மறைந்த பைல் உருவாகும். இந்த டாகுமெண்ட் ஒருவர் கையில் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. வேர்டு திடீரென நின்று போனால் சில சமயம் அந்த பைல் அங்கேயே தங்கிவிடும். பிறகு நீங்கள் திறக்கும்போது, வேறு ஒருவர் பயன்படுத்துகிறார் என்று செய்தி வரும். டிரேடிங் புரோகிராமிலும் அடையாள பைலைப் பூட்டாக வைத்தால் இந்தத் தொல்லை உண்டு. விண்டோஸ் தானே தரும் லாக் வசதியைப் பயன்படுத்தினால், பூட்டியிருந்த புரோகிராம் செயலிழக்கும்போது விண்டோஸே பூட்டை விடுவிக்கும். ஆனால் அது பாதி வேலையில் நின்றதா, முடித்துவிட்டு நின்றதா என்பது அடுத்து வருபவருக்குத் தெரியாது. எனவே அப்போது கணக்கை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

லாக் இரண்டாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. முதலாவது ஒரு பூட்டைக் கையில் வைத்துக் கொண்டு அடுத்த பூட்டுக்குக் காத்திருக்கும். இரண்டாவது அந்த அடுத்த பூட்டை வைத்துக் கொண்டு முதல் பூட்டுக்குக் காத்திருக்கும். குறுகலான சந்தில் எதிரெதிரே வந்து நின்ற இரண்டு வண்டிகள் போல இரண்டும் நகராது. இதற்கு டெட்லாக் என்று பெயர். பூட்டு ஒன்றே ஒன்று இருந்தால் இந்தக் கவலை இல்லை.

ஷேர்டு மெமரி: ராம் மெமரியில் ஒரு பகுதியை இரண்டு புரோகிராம்களும் பார்க்கும்படி விண்டோஸ் திறந்து விடுவது. மிக வேகமானது. ஆனால் பூட்டு போடும் பொறுப்பு முழுவதும் புரோகிராம் எழுதுபவருடையது.

பைப், சாக்கெட்: பொது இடம் வைத்துக் கொள்ளாமல் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக் கொள்வது. சாக்கெட் வழியில் 127.0.0.1 என்ற முகவரியைப் பயன்படுத்துவார்கள். இந்த முகவரி எந்தக் கம்ப்யூட்டரிலும் அதே கம்ப்யூட்டரையே குறிக்கும். செய்தி வெளியே போகாது.

டேட்டாபேஸ்: பூட்டு, பாதி எழுதுதல் போன்ற தொல்லைகளையெல்லாம் தானே பார்த்துக் கொள்ளும் ஒரு புரோகிராமிடம் தகவலை ஒப்படைப்பது. வீட்டு உபயோகத்துக்கு எஸ்க்யூலைட் போதும். 2000-ஆம் ஆண்டில் வெளியான இது இலவசமானது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இது இருக்கிறது. பலர் ஒரே நேரத்தில் படிக்கலாம். எழுதுவதற்கு மட்டும் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடும். மேலே பார்த்த 20,000 கணக்கில், படித்து, கூட்டி, எழுதுவதை டிரான்சாக்ஷன் என்ற ஒரே கட்டாக ஒப்படைத்தால் இடையில் யாரும் நுழைய முடியாது. பைலைக் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கிலேயே வைத்துக் கொள்ளுங்கள். நெட்வொர்க் போல்டரில் வைத்தால் பூட்டுகள் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

மெட்டாடிரேடரில் எப்படி?

தானாக டிரேடிங் செய்யும் புரோகிராம்கள் என்றவுடன் உலகெங்கும் அதிகம் பேசப்படுவது மெட்டாடிரேடர். இதன் நான்காம் பதிப்பு 2005-லும் ஐந்தாம் பதிப்பு 2010-லும் வந்தன. இதில் தகவல் பகிர உள்ளேயே இரண்டு வசதிகள் இருக்கின்றன. மேலே படித்ததற்கு நல்ல எடுத்துக்காட்டாக அவை அமைகின்றன.

முதலாவது குளோபல் வேரியபிள். ஒரு பெயரும் அதற்கு ஓர் எண்ணும் கொடுத்து வைத்தால், அந்த மெட்டாடிரேடருக்குள் ஓடும் எல்லாத் தானியங்கிப் புரோகிராம்களும் அதனைப் படிக்கலாம், மாற்றலாம். எப்3 கீயை அழுத்தினால் பட்டியல் தெரியும். மெட்டாடிரேடரை மூடித் திறந்தாலும் இருக்கும். யாரும் தொடாமல் நான்கு வாரங்கள் கடந்தால் தானாக அழிந்துவிடும். எண்ணை மட்டும்தான் வைக்க முடியும், எழுத்துகளை வைக்க முடியாது. பழைய எண் இதுவாக இருந்தால் மட்டும் புதிய எண்ணை வை என்று நிபந்தனையுடன் மாற்றும் கட்டளையும் உண்டு. நம் கதையில் இரண்டாவது இன்ஸ்டன்ஸ் இந்தக் கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால், 20,000 என்பது இப்போது 45,000 ஆகிவிட்டது என்று தெரிந்து, மாற்ற மறுத்திருக்கும். பங்கு வாங்குவதற்கு முன்பே இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டும் என்பது முக்கியம். முதலில் தொகையைக் குறித்து வை, பிறகு வாங்கு. ஆர்டர் நிறைவேறாவிட்டால் குறித்ததைக் கழித்துவிடு.

ஆனால் இரண்டு மெட்டாடிரேடர்களைத் தனித்தனி போல்டர்களில் இன்ஸ்டால் செய்து ஓட விட்டால், ஒவ்வொன்றுக்கும் அதனதன் குளோபல் வேரியபிள்கள்தான். குளோபல் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த உலகம் ஒரு இன்ஸ்டன்ஸோடு முடிந்துவிடுகிறது. இதற்குத்தான் இரண்டாவது வசதி. அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள எல்லா மெட்டாடிரேடர்களுக்கும் பொதுவாகக் காமன் என்ற போல்டர் ஒன்று உண்டு. பைலை அங்கே வைத்தால் எல்லாம் பார்க்கலாம். பைலுக்கு உரிய எச்சரிக்கைகள் அனைத்தும் இங்கேயும் பொருந்தும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெட்டாடிரேடரைக் காட்டி அந்நியச் செலாவணி வர்த்தகத்துக்கு இழுக்கும் விளம்பரங்கள் நிறைய வருகின்றன. அனுமதி இல்லாத தளங்களில் இந்தியர்கள் அந்நியச் செலாவணி வர்த்தகம் செய்வது சட்டப்படி தவறு. அத்தகைய தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் வெளியிட்டு வருகிறது. பணம் கட்டும் முன் அதனைப் பாருங்கள்.

பங்குச் சந்தை எப்படிச் செய்கிறது?

தேசியப் பங்குச் சந்தையில் 1994 நவம்பர் 3 அன்று பங்கு வர்த்தகம் தொடங்கியபோதே கூச்சலிட்டு ஏலம் கூறும் முறை அங்கே இல்லை. முழுக்கக் கம்ப்யூட்டர் திரைதான். நாடெங்கும் புரோக்கர்களின் திரைகளிலிருந்து ஆர்டர்கள் வந்தாலும், ஒரு பங்குக்கான ஆர்டர் புத்தகம் ஒன்றே ஒன்றுதான். திரைகள் எதுவும் அந்தப் புத்தகத்தில் நேரடியாக எழுதுவதில்லை. விண்ணப்பம்தான் அனுப்புகின்றன. நல்ல விலை கூறியவருக்கு முதலிடம், விலை சமமாக இருந்தால் முன்னால் வந்தவருக்கு முதலிடம் என்று சந்தையின் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தி எழுதுகிறது. எழுதும் கை ஒன்று, பார்க்கும் கண்கள் பல.

பகிரப்பட்ட தகவல் கிடைக்காமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் அங்கே ஓர் உதாரணம் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புகளில் ஏற்பட்ட கோளாறு, தகவல்களைச் சேமித்து வைக்கும் அமைப்பைப் பாதித்தது. அதனால், ஒவ்வொரு புரோக்கரும் தம் வரம்புக்குள் இருக்கிறாரா என்று நொடிக்கு நொடி கண்காணிக்கும் அமைப்பு செயல்படவில்லை. காலை 11.40 மணிக்குத் தேசியப் பங்குச் சந்தை வர்த்தகத்தை நிறுத்தியது. வாங்கி விற்கும் பகுதி வேலை செய்தாலும், வரம்பு தெரியாமல் வர்த்தகம் கூடாது என்பதுதான் காரணம். மாலை 3.45 மணிக்கு மீண்டும் தொடங்கி 5 மணி வரை நடத்தினார்கள். நடுவில் மாட்டிக் கொண்டவர்களுக்குக் கஷ்டம்தான், விமர்சனங்களும் வந்தன. ஆனால் வரம்பு தெரியாவிட்டால் நிறுத்து என்ற விதி, வீட்டில் ஓடும் நம் இரண்டு இன்ஸ்டன்ஸுகளுக்கும் வேண்டிய விதி.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கணக்கை ஒருவரிடம் ஒப்படையுங்கள்: இரண்டு இன்ஸ்டன்ஸுகளும் ஆர்டர் போட வேண்டாம். மூன்றாவதாக ஒரு சிறிய புரோகிராம் கணக்கை வைத்துக் கொள்ளட்டும். மற்ற இரண்டும் 25,000-க்கு வாங்கலாமா என்று அதனிடம் கேட்கட்டும். சரி அல்லது கூடாது என்று அது பதில் சொல்லட்டும். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அது கேள்விகளை எடுத்துக் கொள்ளும் என்பதால் ரேஸ் கண்டிஷனுக்கு இடமே இல்லை. புரோகிராமை வேறு ஒருவரிடம் எழுதி வாங்குகிறீர்கள் எனில், கணக்கை எது வைத்திருக்கிறது என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லை என்றால் பணம் கொடுக்க வேண்டாம்.

2. நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்: 45,000 என்று மட்டும் எழுதாமல், எந்த நேரத்தில் எழுதியது என்பதும் இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு முந்தைய விலையை இப்போதைய விலை என்று நம்பி வாங்குவது, தகவலே இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

3. தகவல் வராவிட்டால் நிறுத்துங்கள்: பைல் இல்லை, பழையதாக இருக்கிறது, கணக்கு வைத்திருக்கும் புரோகிராம் பதில் தரவில்லை, இந்த மூன்றில் எது நடந்தாலும் புதிய ஆர்டர் போடக் கூடாது. எல்லா இன்ஸ்டன்ஸுகளையும் ஒரே செயலில் நிறுத்தும் வழியும் இருக்க வேண்டும். குறிப்பிட்ட பெயரில் ஒரு பைல் இருந்தால் எல்லாம் நிற்க வேண்டும் என்று அமைத்தாலே போதும்.

4. ஒவ்வொரு ஆர்டருக்கும் சொந்த எண் கொடுங்கள்: ஆர்டர் அனுப்பியபின் இணைய இணைப்பு அறுந்து பதில் வராமல் போகலாம். உடனே மறுபடியும் அனுப்பினால் இரண்டு ஆர்டர் ஆகிவிடும். முதலில் புரோக்கரின் ஆர்டர் புத்தகத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

5. புரோக்கரின் பதிவேதான் கடைசிச் சொல்: உங்கள் பைலும் புரோக்கரின் கணக்கும் வேறுபட்டால், புரோக்கர் பக்கம் இருப்பதுதான் நடந்தது. புரோகிராம் திறக்கும் ஒவ்வொரு முறையும், கரண்ட் போய் வந்த பிறகும், அதனுடன் ஒப்பிட்டுச் சரி செய்து கொண்ட பின்பே ஓட விடுங்கள். சிறிய யுபிஎஸ் ஒன்று இருந்தால் பைல்கள் பாதியில் நிற்பது குறையும். இணையம் தரும் மோடத்தையும் அதிலேயே இணையுங்கள்.

6. எல்லா இன்ஸ்டன்ஸும் ஒரே பதிப்பா? புதிய பதிப்பை ஏற்றும்போது எல்லாவற்றையும் மூடிவிட்டு ஏற்றுங்கள். திறந்ததும் ஒவ்வொன்றும் தன் பதிப்பு எண்ணைக் காட்டும்படி அமையுங்கள். எட்டில் ஒன்றை விட்ட கதையைப் பார்த்தோம்.

7. பணம் இல்லாமல் சோதியுங்கள்: இரண்டு இன்ஸ்டன்ஸுகளையும் டெமோ கணக்கில் ஓட விட்டு, ஒன்றை டாஸ்க் மேனேஜர் மூலம் வலுக்கட்டாயமாக மூடிப் பாருங்கள். இணைய இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். அதன் பிறகும் கணக்கு சரியாக இருந்தால்தான் உண்மைப் பணம்.

8. விதிகளைத் தெரிந்து கொள்ளுங்கள்: சிறு முதலீட்டாளர்கள் தானியங்கிப் புரோகிராம்கள் மூலம் வர்த்தகம் செய்வது குறித்து செபி 2025 பிப்ரவரி 4 அன்று சுற்றறிக்கை வெளியிட்டது. புரோக்கர் வழியாக, மாறாத ஐபி முகவரியிலிருந்து மட்டுமே ஆர்டர்கள் வர வேண்டும் என்பது அதில் உள்ளது. நீங்களே எழுதிய புரோகிராமை உங்களுக்கும் உங்கள் நெருங்கிய குடும்பத்தினருக்கும் மட்டும் பயன்படுத்தலாம். பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கையும் இன்னொரு இன்ஸ்டன்ஸில் சேர்த்து ஓட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின், நமக்கு உண்மையிலேயே இரண்டு இன்ஸ்டன்ஸ் தேவையா என்றும் யோசித்துப் பாருங்கள். இரண்டு விதிகளை ஒரே புரோகிராமுக்குள் எழுதி ஓட்ட முடியும் எனில், பகிர வேண்டிய தேவையே இல்லை. கணக்கு ஒன்று, பூட்டு வேண்டாம், குழப்பமும் இல்லை. இரண்டு இன்ஸ்டன்ஸ் கட்டாயம் வேண்டும் என்ற நிலை வந்தால், கணக்கை எழுதும் கை ஒன்றுதானா என்பதை உறுதி செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.